இஞ்சியோன் போகிறீர்களா, முதலில் கடல் நேரத்தைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது: அக்டோபரில் அம்மாவோடு சியோலில் ஐந்து நாள், கடைசி நாள் ராத்திரி இஞ்சியோனிலிருந்து விமானம். அந்த ஊரில் விமான நிலையத்தைத் தவிரப் பார்க்க ஏதாவது இருக்கிறதா, பாதி நாள் ஒதுக்கினால் போதுமா, அம்மா சுத்த சைவம், முட்டி வலியும் உண்டு. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறைய இருக்கிறது, பாதி நாள் போதாது. சியோலில் ஒரு ராத்திரியைக் குறைத்துக்கொண்டு நான்காம் நாள் இரவு இஞ்சியோனின் பழைய துறைமுகப் பக்கம் தங்குங்கள். மறுநாள் ராத்திரி விமானத்துக்கு அங்கிருந்தே போய்விடலாம், பெட்டிகளை இழுத்துக்கொண்டு மறுபடி சியோலிலிருந்து வர வேண்டியதில்லை.

நான் அந்த ஊரில் நாம்தோங் தொழிற்பேட்டைப் பக்கம் ஆறு வருடம் வேலை பார்த்தவன். கொரியாவுக்கு வருகிற நம் ஆட்கள் எல்லாரும் இஞ்சியோனில்தான் இறங்குகிறார்கள், ஆனால் அந்த ஊரைப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. சுமார் முப்பது லட்சம் பேர் வாழ்கிற ஊர். கொரியா வெளியுலகத்தைச் சந்தித்த வாசலே அதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இடங்களைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம், இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். இஞ்சியோன் கடல் நாம் பார்த்துப் பழகிய கடல் மாதிரி இல்லை. நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அங்கே ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், பெரிதாக இருக்கும் நாட்களில் தண்ணீர் ஒன்பது மீட்டர் வரை ஏறி இறங்கும், அதாவது மூன்று மாடி உயரம். காலையில் படகு மிதந்த இடத்தில் மத்தியானம் போனால் சாம்பல் நிறத்தில் சேறு மட்டும், அடிவானம் வரைக்கும். நான் வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கடல் பார்க்க ஆசைப்பட்டு சொரே படகுத்துறைக்குப் போனேன். கடலையே காணோம். மீன்பிடிப் படகுகள் எல்லாம் சேற்றில் வயிற்றை வைத்துக்கொண்டு சாய்ந்து கிடந்தன, ஒரு பாட்டி இடுப்பு வரை ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு, பின்னால் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கயிறு கட்டி இழுத்தபடி, சின்ன கைக்கொத்தால் சேற்றைக் கிளறிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார். ஏமாற்றத்தோடு டீக்கடை மாதிரி ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் எழுந்து பார்த்தால் அதே படகுகள் என் கண் மட்டத்துக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கின்றன. அன்றைக்குத்தான் அந்த ஊர் எனக்குப் புரிய ஆரம்பித்தது.

ஆகவே நாளைத் திட்டமிடும் முன் இஞ்சியோன் ஓத அட்டவணையை இணையத்தில் பார்த்துவிடுங்கள். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் பன்னிரண்டரை மணி நேரம், அதனால் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிக்கொண்டே போகும். அட்டவணை புரியாவிட்டால் வீட்டுத் தினசரி காலண்டரே போதும். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த இரண்டொரு நாளில் இஞ்சியோனில் சாயங்காலம் ஆறு மணியை ஒட்டிக் கடல் நிறைந்திருக்கும், உச்சி வேளையில் வெறும் சேறு. அந்த நாட்களில்தான் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். உங்களால் முடிந்தால் தேதியை அதற்கேற்ப ஒரு நாள் முன்பின் நகர்த்திக்கொள்ளுங்கள். சூரியன் கடலில் விழுகிற நேரமும் தண்ணீர் தளும்புகிற நேரமும் ஒன்றாக அமைந்தால் அதைவிட அழகு அந்த ஊரில் வேறு கிடையாது.

சரி, போகும் வழி. சியோல் நிலையத்திலிருந்து மெட்ரோ முதலாம் தடத்தில் ஏறி உட்கார்ந்தால் அதன் கடைசி நிறுத்தமே இஞ்சியோன் நிலையம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், ஆளுக்கு இரண்டாயிரம் வோனைச் சுற்றித்தான் கட்டணம். யொங்சான் நிலையத்திலிருந்து புறப்படும் விரைவு ரயில் இன்னும் சீக்கிரம் கொண்டுவிடும், ஆனால் அது ஒரு நிறுத்தம் முன்னதாக தோங்இஞ்சியோனோடு நின்றுவிடும். விமான நிலையத்தில் இறங்கியதும் டி-மனி அட்டை வாங்கிக்கொள்ளுங்கள், ரயில், பேருந்து, டாக்ஸி எல்லாவற்றுக்கும் அது போதும். கூகுள் மேப்பை நம்பி நடக்காதீர்கள், கொரியாவில் அது சரியாக வழி காட்டாது. நேவர் மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகிற இந்த ரயில் பாதை சாதாரணமானது இல்லை. கொரியாவில் முதன்முதலாக ரயில் ஓடியது இதில்தான், 1899 செப்டம்பரில், இஞ்சியோனுக்கும் சியோல் ஆற்றங்கரையில் இருக்கும் நொர்யாங்ஜினுக்கும் நடுவே.

ஏன் இங்கே முதலில் ஓடியது? தலைநகரத்துக்குப் பக்கத்தில் கப்பல் வரக்கூடிய இடம் இதுதான் என்பதால். 1876-இல் ஜப்பான் கட்டாயப்படுத்திப் போட்ட கங்வா ஒப்பந்தத்துக்குப் பிறகு கொரியா துறைமுகங்களைத் திறக்க வேண்டி வந்தது. அப்போது ஜெமுல்போ என்ற பெயரில் சின்ன மீனவர் குப்பமாக இருந்த இந்த இடம் 1883-இல் திறக்கப்பட்டது. உடனே ஜப்பானியர்கள் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள், மறு வருடம் சீனர்கள் பக்கத்துப் பகுதியை. அப்புறம் மேற்கத்தியர்கள் வந்தார்கள். இன்றும் நீங்கள் அந்த எல்லைகளைக் காலால் நடந்தே உணரலாம், அதனால்தான் பழைய துறைமுகத்தில் தங்கச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு முட்டி வலி என்றீர்கள், இதைக் கவனியுங்கள். இஞ்சியோன் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே சீன நகரின் பெரிய அலங்கார வளைவு தெரியும், எல்லாரும் நேரே அதற்குள் நுழைந்து ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அறையில் பெட்டியை வைத்துவிட்டு ஒரு டாக்ஸி பிடித்து, ஜாயு பூங்காவுக்கு, அதாவது சுதந்திரப் பூங்காவுக்கு மேலேயே போய் இறங்குங்கள். அங்கிருந்து எல்லாமே இறக்கம்தான். 1888-இல் அமைக்கப்பட்டது, கொரியாவின் முதல் மேற்கத்திய பாணிப் பூங்கா. வடிவமைத்தவர் சபாட்டின் என்ற ரஷ்யர். பூங்காவில் பெரிய மரங்களுக்கு நடுவே துறைமுகத்தைப் பார்த்தபடி அமெரிக்கத் தளபதி மெக்கார்த்தரின் சிலை நிற்கும், 1957-இல் வைத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கொஞ்சம் கீழே வந்தால் ஜெமுல்போ கிளப் என்ற சிறிய கட்டடம், 1901-இல் வெளிநாட்டுத் தூதர்களும் வணிகர்களும் கூடிச் சீட்டாடவும் பேசவும் கட்டிக்கொண்டது.

அங்கிருந்து கீழே இறங்குகிற ஒரு கல் படிக்கட்டு இருக்கிறது. அதன் தலைப்பில் கடலைப் பார்த்து ஒரு கன்பூசியஸ் சிலை. படிக்கட்டு ஒன்றும் பிரமாண்டமானது இல்லை, ஆனால் நான் அந்த ஊருக்கு வருகிறவர்களை முதலில் கூட்டிப்போகிற இடம் அதுதான். ஒரு காலத்தில் அதுவே எல்லைக்கோடு. கீழே பார்த்து நின்றால் வலது பக்கம் சீனர் பகுதி, இடது பக்கம் ஜப்பானியர் பகுதி. இரண்டு ஓரத்திலும் கல் விளக்குகள் வரிசையாக நிற்கும், உற்றுப் பாருங்கள், ஒரு ஓரத்து விளக்கும் மறு ஓரத்து விளக்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று சீனப் பாணி, மற்றது ஜப்பானியப் பாணி. வீடுகளும் அப்படியே. ஒரு பக்கம் சிவப்பும் மஞ்சளும் மாடித் தாழ்வாரமும், மறு பக்கம் கறுப்பு மரப்பலகை வைத்த ஒடுக்கமான வீடுகள். நடுவில் படிக்கட்டில் நிற்கிற கொரியருக்கு எந்தப் பக்கமும் சொந்தமில்லாமல் இருந்த காலம் அது. அம்மாவால் படி இறங்க முடியாவிட்டால் மேலே நின்று பார்த்துவிட்டு டாக்ஸியிலேயே கீழே வரலாம், நஷ்டம் இல்லை.

கீழே ஜப்பானியர் தெருவில் மூன்று பழைய வங்கிக் கட்டடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 1899-இல் கட்டிய கல் கட்டடம், மேலே சிறிய கும்மட்டம் வைத்தது, ஜப்பானின் முதலாம் வங்கியின் கிளை, இப்போது துறைமுகத் திறப்பு அருங்காட்சியகம். நாகசாகியிலிருந்து வந்த பதினெட்டாம் வங்கியின் கட்டடமும் காட்சிக்கூடம்தான். எனக்குப் பிடித்தது தேபுல் ஹோட்டல். 1888-இல் திறந்த, கொரியாவின் முதல் மேற்கத்திய பாணி ஹோட்டல். ரயில் வராத காலத்தில் கப்பலில் இறங்கியவர்கள் அன்றே சியோல் போய்ச் சேர முடியாது, ஒரு ராத்திரி தங்கியே ஆக வேண்டும், அதனால் வியாபாரம் கொழித்தது. 1899-இல் ரயில் வந்ததும் தங்க ஆள் இல்லாமல் படுத்துவிட்டது. இன்றும் அதே கதைதான், எல்லாரும் ரயிலில் ஏறி சியோலுக்கு ஓடிவிடுகிறார்கள். பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள், அதே இடத்தில் மறுபடி கட்டிக் காட்சிக்கூடமாக வைத்திருக்கிறார்கள். ஒன்று, இந்த அருங்காட்சியகங்கள் பொதுவாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும், உங்கள் நான்காம் நாள் திங்கட்கிழமையாக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கொரியர்கள் வீடு மாறுகிற நாளிலும் பட்டமளிப்பு நாளிலும் வரவழைத்துச் சாப்பிடுகிற ஜஜாங்மியோன் என்ற கறுப்புக் குழம்பு நூடுல்ஸ் பிறந்தது இந்தச் சீனத் தெருவில்தான். ஷாண்டாங் மாகாணத்திலிருந்து வந்த சீனர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் உட்பட, ஊரில் சாப்பிட்ட பொரித்த சோயா விழுதை நூடுல்ஸில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார்கள். அதுவே கொரிய நாக்குக்கு ஏற்றபடி இனிப்பும் கறுப்பும் கூடி இப்படி ஆனது. அதற்குப் பேர்போன கொங்வாசுன் என்ற உணவகம் 1983-இல் மூடப்பட்டது, அந்தப் பழைய கட்டடம் 2012-லிருந்து ஜஜாங்மியோன் அருங்காட்சியகம். நீங்கள் அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் சாதாரண ஜஜாங்மியோனுக்குப் பதில் கான்ஜஜாங் கேளுங்கள், குழம்பு தனிக் கிண்ணத்தில் வரும், மாவுத்தண்ணீர் ஊற்றாமல் அப்போதே வதக்கியது, வெங்காயம் இன்னும் நறுக்கென்று இருக்கும். கையில் வந்ததும் காத்திருக்காமல் பிசைந்துவிட வேண்டும், ஒவ்வொரு கையிலும் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே தூக்கித் தூக்கி. இரண்டு நிமிடம் விட்டால் நூடுல்ஸ் ஒட்டிக்கொள்ளும்.

அம்மாவுக்கு அது ஆகாது, குழம்பில் பன்றிக்கறி இருக்கும், வதக்குவதும் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பில்தான். அவருக்கு நான் சொல்வது இன்னொரு இஞ்சியோன் நூடுல்ஸ், ஜொல்மியோன். 1970-களின் தொடக்கத்தில் இங்கே ஒரு நூடுல்ஸ் ஆலையில் குளிர் நூடுல்ஸ் பிழியும்போது தவறான அச்சு மாட்டிவிட்டதால் தடிமனாக, ரப்பர் மாதிரி இழுபடும் நூடுல்ஸ் வந்தது என்றும், வீணாக்க மனமில்லாமல் பக்கத்துக் கடைக்குக் கொடுத்தார்கள் என்றும் ஊரில் சொல்வார்கள். மேலே முட்டைக்கோஸ், வெள்ளரி, முளைகட்டிய பயறு, காரச் சாந்து, அவித்த முட்டையில் ஒரு பாதி. முட்டையை மட்டும் எடுத்துவிடச் சொன்னால் போதும், “க்யேரன் பே ஜுசேயோ”. கறி வேண்டாம் என்பதற்கு “கோகி பே ஜுசேயோ”. பக்கத்தில் ஒரு குட்டிக் கிண்ணத்தில் சூப் வைப்பார்கள், அது நெத்திலியில் காய்ச்சியதாக இருக்கும், அதையும் கிம்ச்சி என்ற புளிக்கவைத்த காய்கறியையும் அம்மா தொட வேண்டாம், கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்த்திருப்பார்கள். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், அவர்கள் கணக்கில் அது அசைவமே இல்லை. சீனத் தெருவில் கொங்கல்பாங் என்று ஒரு ரொட்டி தொங்கும், பந்து மாதிரி உப்பியது, உள்ளே காற்றும், அடியில் ஒரு சர்க்கரைப் பூச்சும் மட்டும். தட்டினால் உடையும். மண் அடுப்புச் சுவரில் ஒட்டிச் சுடுகிற மாண்டு என்ற கொழுக்கட்டையில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்ததும் கிடைக்கும், கறி வைத்தது தனி, கேட்டு வாங்குங்கள். எதற்கும் பையில் கொஞ்சம் அவல் மிக்சரும் ஊறுகாயும் இருக்கட்டும்.

ராத்திரி சாப்பிட சின்போ சந்தைப் பக்கம் போங்கள், பாகு தடவிய பொரித்த கோழிக்கு அங்கே வரிசை நிற்கும். அந்தத் தெருக்களில் நடக்கும்போது ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கொரிய விடுதலைப் போராட்டத்தின் பெரிய தலைவர் கிம் கு இரண்டு முறை இஞ்சியோன் சிறையில் இருந்தார். முதல் முறை, 1896-இல், இருபது வயதில். அவருடைய அம்மா மகனைத் தேடி இந்த ஊருக்கே வந்து, ஒரு வணிகர் வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். மகனுக்குச் சிறைக்கு வேளா வேளைக்குச் சாப்பாடு அனுப்பலாம் என்பதுதான் அந்த வேலையின் கூலி. இரண்டாம் முறை, 1914-இல், அவரைக் கைதியாகத் துறைமுகக் கட்டுமானத்தில் மண் சுமக்க வைத்தார்கள்.

அந்தத் துறைமுகம் கட்டியதும் கடல் ஓதத்தால்தான். ஒன்பது மீட்டர் இறங்குகிற தண்ணீரில் பெரிய கப்பலை எங்கே நிறுத்துவது? தரை தட்டிவிடும். அதனால் ஏற்றத்தில் வந்த தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ள நீர்க்கதவு போட்ட கப்பல்துறை ஒன்றை 1918-இல் முடித்தார்கள். 1974-இல் வொல்மிதோ தீவுக்குப் பக்கத்தில் இன்னும் பெரிய கதவுகள் வந்தன. கப்பல் ஒரு பெட்டிக்குள் நுழையும், பின் கதவு மூடும், தண்ணீர் மட்டம் மெல்ல உயரும், முன் கதவு திறக்கும். வெளியே கடல் எவ்வளவு வற்றினாலும் உள்ளே கப்பல்கள் அசையாமல் மிதக்கும்.

இதை மேலிருந்து பார்க்க வொல்மி கடல் ரயிலில் ஏறுங்கள், இஞ்சியோன் நிலையத்தின் பக்கத்திலேயே ஆரம்பிக்கிறது, 2019-இல் ஓடத் தொடங்கிய ஒற்றைத் தண்டவாள ரயில். சுமார் ஆறு கிலோமீட்டர், மெதுவாக ஊர்ந்து ஒரு சுற்று வர நாற்பது நிமிடம் போல ஆகும், அம்மாவுக்கு நடையே இல்லாமல் பாதி துறைமுகம் தெரிந்துவிடும். வழியில் தானியக் கிடங்குக் கோபுரங்களை அலமாரியில் அடுக்கிய புத்தகங்கள் மாதிரி வண்ணம் தீட்டியிருப்பார்கள், உலகின் மிகப் பெரிய வெளிப்புறச் சுவரோவியம் என்று 2018-இல் கின்னஸில் பதிவானது. படம் அழகுதான், ஆனால் நான் பார்க்கச் சொல்வது அதன் அடியில் கோதுமையும் சோளமும் இறக்குகிற கப்பல்களை.

வொல்மிதோ பெயரளவில் தீவு, இப்போது தரையோடு சேர்ந்தது. ராட்டினங்கள், மீன் உணவகங்கள், கடலோர நடைபாதை. ராட்டினங்களை விட்டுவிடலாம். சாயங்காலம் நடைபாதையில் உட்காருங்கள், நேரே மேற்குப் பார்த்த கடல். எதிரே யொங்ஜொங் தீவு, அதன் மேல் விமானங்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த இடத்தில்தான் கொரியப் போரின்போது, 1950 செப்டம்பர் 15 காலை, வடகொரியர் பிடித்து வைத்திருந்த ஊரை மீட்க, சிலையில் பார்த்த மெக்கார்த்தரின் தலைமையில் அமெரிக்கப் படை இறங்கியது. ஓதக் கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள். காலை ஏற்றத்தில் ஆறரை மணிக்கு வொல்மிதோவில் இறங்கியவர்களுக்குப் பின்னால் தண்ணீர் வற்றிவிட்டது, உதவிக்கு ஒரு படகும் வர முடியாது, சேறு நடுவே தனியாகப் பகல் முழுக்கக் காத்திருந்தார்கள். பெரும்படை சாயங்கால ஏற்றத்தில், ஐந்தரை மணிக்குத்தான் நகருக்குள் இறங்க முடிந்தது, அதுவும் கடல் சுவரில் ஏணி சாய்த்து ஏறி. அந்த மாதத்தில் கடல் போதுமான அளவு உயர்ந்த நாட்கள் சிலவே, அதில் ஒன்றைப் பிடித்தார்கள்.

சிலையும் நினைவகமும் அந்த வெற்றியைச் சொல்லும். வொல்மிதோவில் அப்போது ஒரு கிராமமும் இருந்தது. இறங்குவதற்கு ஐந்து நாள் முன்பு, செப்டம்பர் 10 அன்று, அமெரிக்க விமானங்கள் நேபாம் என்ற தீக்குண்டுகளை வீசி அதை எரித்தன. ஏறத்தாழ நூறு பொதுமக்கள் இறந்தார்கள் என்று கொரியாவின் உண்மை கண்டறியும் ஆணையம் 2008-இல் சொன்னது. தப்பியவர்கள் ஊர் திரும்ப முடியவில்லை, தீவு ராணுவத் தளமாகிவிட்டது, குன்றின் மேல் இருக்கும் வொல்மி பூங்கா 2001-இல்தான் மக்களுக்குத் திறந்தது. அங்கே நடக்கும்போது அந்தக் குடும்பங்களையும் நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

நம் நாட்டோடு ஒரு தொடர்பும் இந்தக் கடலில் உண்டு, பலருக்குத் தெரியாது. 1953-இல் போர் நிறுத்தமானதும், ஊர் திரும்ப மறுத்த போர்க் கைதிகளைக் காவல் காக்க நடுநிலை நாடு என்று இந்தியாவிலிருந்து ஒரு படை வந்தது. அன்றைய தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்திய வீரர்கள் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றார். அதனால் இஞ்சியோன் துறைமுகம் வரை கப்பலில் வந்த நம் வீரர்களை, தரையில் இறக்காமல், ஹெலிகாப்டர்களில் ஏற்றி நேரே எல்லையின் ராணுவமற்ற பகுதிக்குக் கொண்டுபோனார்கள். வொல்மிதோவில் உட்கார்ந்து அந்தக் கடலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். பக்கத்திலேயே புலம்பெயர்வு வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது, 1902 டிசம்பரில் இந்தத் துறைமுகத்திலிருந்து ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறிய முதல் கொரியக் குடும்பங்களின் கதை. தோட்டக் கூலிகளாகக் கடல் தாண்டியவர்களின் கதை நமக்கு அன்னியமானது இல்லை, அங்கே ஒரு மணி நேரம் கொடுங்கள்.

மறுநாள் காலை சின்போ நிலையத்தில் சூயின்-புந்தாங் தடத்தில் ஏறி சொரேபோகு நிலையத்தில் இறங்குங்கள். இந்தத் தடத்தில்தான் 1937-லிருந்து 1995 வரை அகலம் குறைந்த தண்டவாளத்தில் குட்டி ரயில் ஓடியது, உப்பும் அரிசியும் ஏற்றிக்கொண்டு. அதன் பழைய இரும்புப் பாலத்தின் மேல் இப்போது நடந்து போகலாம். மீன் சந்தை அம்மாவுக்குப் பிடிக்காது, வாசனை தூக்கும். அக்டோபரில் நண்டும் இறாலும் குவியும் காலம் வேறு. நீங்கள் வாங்குவதானால் விலையையும் எடையையும் முதலிலேயே கேட்டுவிட்டு, கண்ணெதிரே நிறுக்கச் சொல்லி வாங்குங்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு டாக்ஸியில் சொரே ஈரநிலப் பூங்காவுக்குப் போங்கள். 1930-களில் தொடங்கி 1996 வரை நடந்த உப்பளம் அது, கொஞ்சம் பாத்திகளை இன்னும் பழைய முறையில் வைத்திருக்கிறார்கள். குனிந்து பாத்தியின் தரையைப் பாருங்கள், கறுப்பாக உடைந்த பானை ஓடுகளைப் பதித்திருப்பார்கள் ஒரு இடத்தில், இன்னொரு இடத்தில் ஓடுகள் தட்டையாகச் சதுரமாக இருக்கும். வெறும் சேற்றில் வாரினால் உப்பு கறுத்துப்போகும், அதற்காகத்தான் தரையில் ஓடு. அக்டோபரில் உப்பு மண்ணில் வளர்கிற செடிகள் எல்லாம் சிவந்து, சேற்றின் மேல் குங்குமம் கொட்டினது மாதிரி இருக்கும். நடைபாதை சமதளம், அம்மா நிதானமாக நடக்கலாம்.

அங்கிருந்து சோங்தோ. இதில் எச்சரிக்கை ஒன்று. அதே ரயில் தடத்தில் சோங்தோ என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது, அங்கே இறங்கிவிடாதீர்கள், அது பழைய சோங்தோ. என் நண்பர் ஒருவர் குழந்தைகளோடு இறங்கி, வானுயர்ந்த கட்டடங்கள் எங்கே என்று அரை மணி நேரம் தேடினார். வொனின்ஜே நிலையத்தில் இறங்கி இஞ்சியோன் முதலாம் தடத்துக்கு மாறி, சென்ட்ரல் பார்க் நிலையத்தில் இறங்க வேண்டும். இந்தப் புது நகரம் முழுவதும் சேற்றுவெளியை மண் போட்டு நிரப்பி எழுப்பியது. கடல்நீர் ஓடும் கால்வாய், அதில் சின்னப் படகுகள், 305 மீட்டர் உயரக் கோபுரம், 2023-இல் திறந்த உலக எழுத்து முறைகளின் தேசிய அருங்காட்சியகம். எழுத்தில் ஆர்வமுள்ளவர் என்றால் அதை விடவே கூடாது.

எனக்கு சோங்தோவில் மனம் முழுதாக ஒட்டியதில்லை. நேர்த்தியான ஊர், சுத்தமான ஊர், ஆனால் அதன் அடியில் ஒரு காலத்தில் சிப்பி பொறுக்கிய சேறு கிடக்கிறது. அழியும் நிலையில் இருக்கிற கருமுகக் கரண்டிவாயன் பறவைகள், இத்தனை கட்டடத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவே, நாம்தோங் நீர்த்தேக்கத்தில் மனிதர் போட்ட ஒரு சின்னத் திட்டில் கூடு கட்டுகின்றன. வேலை முடிந்து வரும்போது வசந்த காலத்தில் அவற்றைப் பார்த்திருக்கிறேன், வெள்ளை உடம்பு, கறுத்த கரண்டி மூக்கை இடமும் வலமும் ஆட்டி ஆட்டித் தண்ணீரைத் துழாவும். அக்டோபர் கடைசி என்றால் பெரும்பாலும் தெற்கே கிளம்பியிருக்கும்.

கங்வா தீவையும் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். இந்தப் பயணத்தில் வேண்டாம். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பெருங்கற்கால கல்திட்டைகள், வடகொரியாவைக் கண்ணால் பார்க்கிற கோபுரம், 1900-இல் கொரிய வீட்டுப் பாணியில் கட்டிய ஆங்கிலிகன் தேவாலயம் எல்லாம் அங்கே உண்டு, அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். சூசொக் அறுவடைத் திருநாள் சில வருடம் அக்டோபர் தொடக்கத்தில் விழும், அந்த மூன்று நாள் கடைகள் பாதி மூடியிருக்கும், அதையும் பார்த்துத் தேதி போடுங்கள். விசா இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே எடுக்க வேண்டும், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சோங்தோவிலிருந்து விமான நிலையத்துக்குப் பேருந்து இருந்தாலும் நீங்கள் டாக்ஸியில் போங்கள், இஞ்சியோன் பாலம் வழியாக என்று சொல்லி ஏறுங்கள். 2009-இல் திறந்தது, 21 கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் கப்பல் போவதற்காக 800 மீட்டர் தூரம் தூணே இல்லாமல் கம்பிகளில் தொங்கும். பாலத்தின் அந்தக் கரையில் இருக்கிற விமான நிலையமும் இரண்டு தீவுகளுக்கு நடுவே இருந்த சேற்றுவெளியை நிரப்பி, 2001-இல் திறந்ததுதான். அம்மாவை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள். வற்றமாக இருந்தால் கீழே சேற்றில் மரக்கிளை மாதிரி வாய்க்கால்கள் பிரிந்து பிரிந்து ஓடுவது தெரியும், ஏற்றமாக இருந்தால் பாலம் நடுக்கடலில் மிதக்கிற மாதிரி இருக்கும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேருகிற மாதிரி கிளம்பிவிடுங்கள். உங்கள் தேதியைச் சொன்னால், அந்த இரண்டு நாளும் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்து, எதை முன்னால் வைக்கலாம், எதைப் பின்னால் வைக்கலாம் என்று சொல்கிறேன்.